வெட்டாமல் விட்ட திட்டு

அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

மேடம். சென்னையிலிருந்து ஆற்றங்கரை மண் பார்க்க வந்தவர். ஐம்பது வயது இருக்கும். தொப்பி போட்டிருப்பார். மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

அவருக்கு ஜீப் ஓட்டிய பாய். அரக்கோணத்துக்காரர். வண்டி ரிப்பேரும் அவரே பார்ப்பார். வாய் ஓயாது.

நிலத்துக்காரர். நந்தி ஆற்றை ஒட்டி அவருக்குக் கரும்பு. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஊரில் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

என் நாத்தனார். வீட்டுக்காரருடைய தங்கை. கூடை தூக்க வந்தவள்.

நைனாவின் ஆடு ஒன்று. பம்பு செட்டு நிழலில் கட்டியிருந்தது.

நான். குழிக்குள்.

நான் மூன்றாவது வரை படித்தேன். எண் எழுதுவேன். எழுத்து கூட்டிப் படிப்பேன். இருபது வருடத்துக்கு மேல் மண் வெட்டுகிற வேலை. நூறு நாள் வேலையில் ஏரி, குளம், வரப்பு எல்லாம் வெட்டியிருக்கிறேன். மேடத்துக்குக் குழி வெட்ட ஆள் வேண்டும் என்று நைனா சொன்னார். மிஷின் கூடாதாம். மிஷின் மண்ணைக் குழப்பிவிடுமாம். போனோம்.

குழி எங்கே வெட்டுவது என்று மேடம் இரண்டு நாள் கரை நெடுக நடந்தார். எங்கே பார்த்தாலும் மணல் அள்ளிய பள்ளம். கரையே இல்லை. நைனா நிலத்து ஓரத்தில் மட்டும் கரை பழையபடி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் திருத்தணி மலை தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் இருந்தது. மைக் செட்டு சத்தம் காற்று வாக்கில் வந்து வந்து போகும்.

ஏழடி ஆழம். நடந்து பார்த்தால் நீளம் நாலு எட்டு, அகலம் இரண்டு எட்டு. மூன்று நாளில் வெட்டினோம்.

ஒன்று சொல்ல வேண்டும். குளம் வெட்டும்போது நாங்கள் நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விடுவோம். அதன் தலையில் புல் அப்படியே இருக்கும். அளவு எடுப்பவர் டேப்போடு வந்து புல்லிலிருந்து அடிவரை அளப்பார். அதுதான் நாங்கள் வெட்டிய ஆழம். அவர் வந்து பார்க்கும்வரை அந்தத் திட்டை யாரும் தொடக் கூடாது. தொட்டால் செய்த வேலை செய்ததாக ஆகாது.

மேடத்தின் குழியிலும் ஒன்று விட்டேன். யாரும் சொல்லவில்லை. பழக்கத்தில் கை அப்படியே விட்டுவிட்டது. இரண்டடி கனம். ஆற்றுப்பக்கச் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம்.

இரண்டாம் நாள் மேடம் கேட்டார்.

"இது எதுக்கும்மா நடுவுல? எடுத்துடுங்களேன்."

"அளந்துட்டீங்களா மேடம்?"

"நான் அளக்கவே வேணாமே. எனக்குச் சுவர்தான் வேணும்."

"ஆங்" என்றேன். எடுக்கவில்லை. அளக்காத திட்டை எடுத்ததே இல்லை. கடப்பாரை அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்றும் சொன்னார். வெட்டிய மண்ணைப் பத்தடி தள்ளிக் கொட்டச் சொன்னார். நாத்தனார் தலையில் கூடையோடு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, அவ்ளோ தூரமா? கழுத்து இறங்கிடும்."

"இங்கியே கொட்டு" என்றேன்.

பாய் ஜீப்பில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "பார்த்து கொட்டும்மா. மேடம் அத்த பொட்டலம் கட்டி சென்னைக்கு எடுத்துனு போவாங்க. மலையில பஞ்சாமிர்தம் மாதிரி."

"உனக்கு ஒரு பொட்டலம் வாய்ல போடறேன் பாய். அப்பவாவது வாய் மூடும்" என்றாள் அவள்.

மண் சுவர் ஓரத்திலேயே குவிந்தது. ஆற்றுப்பக்கச் சுவருக்கு நேர் மேலே.

மேடத்துக்கு அந்தச் சுவர்தான் வேண்டும். மற்றப் பக்கங்கள் ஆகாது. தெற்கே பழைய பைப்பு புதைத்த மண். மற்ற இரண்டில் கரும்பு வேர் இறங்கியிருந்தது. ஆற்றுப்பக்கம்தான் யாரும் கலக்காத மண். அதில் மண் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மேலே பழுப்பு. அதன் கீழ் கறுப்பு. அதன் கீழ் வெளிர் மண்ணில் வெள்ளைச் சுண்ணாம்பு உருண்டைகள். அடியில் சிவப்பு. மேடம் ஒவ்வொரு பட்டையும் எங்கே முடிகிறது என்று டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினார். கறுப்பு முடிவது மூன்றே முக்கால் அடியில். அதை இரண்டு தரம் சொல்லி எழுதினார்.

எனக்கு அதுவரை மண் என்றால் இரண்டுதான். கடப்பாரை இறங்கும் மண். இறங்காத மண். அவர் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மேல்தரையாக இருந்தது என்றார். புல் முளைத்து, ஆடு மாதிரி எதுவோ மேய்ந்து, ரொம்ப காலம் வெயில் மழை பட்டுக் கிடந்த தரை. பிறகு ஆறு வந்து மூடியது. அதன் மேல் இன்னொரு தரை. ஒவ்வொரு தரையிலும் அந்தக் காலத்து மழை எவ்வளவு என்று தெரியும். அதற்கு நாலு விரலுக்கு ஒரு இடமாக மேலிருந்து அடிவரை மண் எடுக்க வேண்டும். ஒரு இடத்துக்கு ஒரு ஸ்பூன், ஒரு பை. நாலாம் நாள் எடுப்பதாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அரைமணி நேரம் மழை.

நாலாம் நாள் காலையில் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய இறங்கினேன். சுவருக்கும் திட்டுக்கும் நடுவில் நின்றேன். சட்டைப் பையில் மேடம் கொடுத்த பிளாஸ்டிக் பைகள், மார்க்கர், எவர்சில்வர் ஸ்பூன். கொத்தனார் கரண்டியால் இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். தலைக்கு மேலே ஒரு கீறல் ஓடியது. பெரிய சத்தம் இல்லை. சோற்றுப் பானையை இறக்கி வைப்பதுபோல ஒரு சத்தம்.

ஓடத் திரும்பினேன். எதிரே திட்டு.

மண் பின்னாலிருந்து வந்து என்னை அதோடு சேர்த்து வைத்தது. மார்புக்குக் கீழே எல்லாம் மண். கை இரண்டும் மேலே இருந்ததால் தப்பியது. கன்னம் திட்டில் அழுந்தியிருந்தது. மூச்சு பாதிதான் உள்ளே போனது. வெளியே விட்டால் மண் கொஞ்சம் இறுக்கியது. அதனால் முழுசாக விடவில்லை.

இடது முழங்கால் ஒரு பக்கம் திரும்பி நின்றுவிட்டது. அதை நேராக்க இடம் இல்லை.

மேலே நாத்தனார் அலறினாள். மேடம் குதிக்க வந்தார். பாய் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா மேடம், நீங்களும் உள்ள போனா யார் தூக்கறது?"

நைனாதான் முதலில் சரியாகப் பேசினார். "யாரும் ஓரத்துல நிக்காதீங்க. மொதல்ல அந்தக் குவியல தள்ளுங்க. மிச்சமும் அவ மேல வந்துடும்."

தள்ளினார்கள். நாத்தனார் அழுதுகொண்டே கூடை கூடையாகத் தூக்கிப் பத்தடி தள்ளிக் கொட்டினாள். "நான்தானே கொட்டுனேன், நான்தானே கொட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை.

பாய் போன் போட்டார். தீயணைப்பு வண்டி மலை அடிவாரத்தில் நிற்கிறதாம். பைபாஸிலிருந்து காவடிக் கூட்டம். வண்டியெல்லாம் சுற்றி விடுகிறார்களாம்.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்களாம் அக்கா."

ஒரு மணி நேரத்தில் வரவில்லை.

நைனா பம்பு செட்டுக் கதவைக் கழற்றி வந்தார். இரண்டு பலகையும் கொண்டுவந்தார். என் முதுகுக்குப் பின்னால் மிச்சச் சுவர் விழாமல் இருக்க அவற்றைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார்கள். பிறகு நைனா ஏணி வைத்துக் குழியின் மறுகோடியில் இறங்கினார். அங்கே மண் விழவில்லை. திட்டின் அந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. செருமல்தான் கேட்டது.

"பின்னாடி தோண்டினா மேலேர்ந்து வந்துகினே இருக்கும்" என்றார். "இந்தத் திட்ட எடுக்கறதுதான் வழி. மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. அது கரைஞ்சா இவ முன்னாடி வந்துடுவா."

நான் மேலே பார்த்தேன். மேடம் தெற்குப் பக்கம் படுத்துக்கொண்டு குழியை எட்டிப் பார்த்தார். அவருடைய சுவர் என் மேல் கிடந்தது. மிச்சம் இருந்தது திட்டு ஒன்றுதான். அதே பட்டைகள் அதிலும் இருந்தன. அவருக்கு அது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஆற்றங்கரையில் இப்படி வேறு இடம் இல்லை என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

"உடைச்சிடுங்க நைனா" என்றார். "சீக்கிரம்."

யோசிக்கவே இல்லை.

நைனா கடப்பாரையை எடுத்தார். அப்போது நான் சொன்னேன்: "மேடம், நாலு விரல்தானே?"

"என்னம்மா?"

"மண்ணு எடுக்கறது. நாலு விரலுக்கு ஒண்ணுதானே?"

"அதெல்லாம் வேணாம்மா. நீங்க மூச்சு விடுங்க, போதும்."

"கை சும்மா கீது" என்றேன்.

உண்மை அதுதான். கை சும்மா இருந்தால் மூச்சு தெரிந்தது. கால் தெரிந்தது. மலையிலிருந்து அரோகரா வரும்போது எத்தனை பேர் தாராளமாக நடந்து போகிறார்கள் என்று தோன்றியது. அதை நினைக்காமல் இருக்க வேலை வேண்டும்.

சட்டைப் பையில் விரல் விட்டு ஸ்பூனையும் பைகளையும் எடுத்தேன். திட்டின் தலை எனக்கு மேலே இரண்டடி. எட்டவில்லை.

"நைனா, மேல மூணு எடம் நீங்க எடுத்துக் குடுங்க. உங்க விரல் தடி. மூணு விரல் வெச்சா என் நாலு."

"மார்பு வரைக்கும் மண்ணு. இவளுக்கு அளவு கேக்குது" என்றார். ஆனால் எடுத்தார். நான் எண் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் வாங்கி மேலே நீட்டினார். பாய் வாங்கி மேடத்திடம் கொடுத்தார்.

நாலாவது நான் எடுத்தேன். எடுத்த இடத்திலிருந்து நாலு விரல் கீழே நகத்தால் ஒரு கோடு. நைனா கோடு வரைக்கும் உடைப்பார். மண் அவர் பக்கம் விழும். அவர் தள்ளிவிடுவார். நான் கோட்டில் ஒரு ஸ்பூன் எடுப்பேன். மறுபடி நாலு விரல். மறுபடி கோடு. இப்படி இறங்கினோம்.

ஸ்பூனைச் சட்டைக் கையில் துடைத்தேன்.

"சட்டையில துடைக்காதீங்க, கலந்துடும்" என்றார் மேடம். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, எங்க வேணா துடைங்கம்மா."

பாய் சிரித்துவிட்டார். நாத்தனார் அவரை அடித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க இடம் இல்லை. பைக்கு உள்பக்கம் துடைத்தேன்.

ஆறு பை வரை பழுப்பு. ஏழில் கறுப்பு வந்தது. மேடம் பேசிக்கொண்டே இருந்தார். நான் கண் மூடிவிடக் கூடாது என்று பேசியிருக்கிறார். எனக்கு அப்போது தெரியவில்லை.

"இந்தக் கறுப்பு மண்ணு எப்படிம்மா இருக்கு?"

"ஒட்டுது."

"ஆமா. மழையில ஒட்டும், கோடையில வெடிக்கும். தண்ணி நின்னு காஞ்சு, நின்னு காஞ்சு ஆன தரை. அதுக்கும் முன்னாடி ஒரு காலம் இருந்தது. அப்ப மழை ரொம்ப கம்மி. பெஞ்ச கொஞ்சமும் ஆழமா போகாது. வழியிலயே காஞ்சிடும். தண்ணியில இருந்த சுண்ணாம்பு அங்கியே தங்கி உருண்டையாயிடும்."

"அது எங்க கீது?"

"மூணே முக்கால் அடிக்குக் கீழ. உங்க இடுப்பு உயரத்துல."

"ஆங். குத்துது" என்றேன்.

மழை இல்லாத காலம் என் இடுப்பெலும்பில் குத்திக்கொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் வருடம் என்று கேட்டேன். இந்தப் பைகளைச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார். சரி என்றேன்.

வெயில் குழிக்குள் வந்தது. நைனா சொம்பில் தண்ணீர் நீட்டினார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கால் மரத்துப்போனது. மரத்தது நல்லதாக இருந்தது. அப்புறம் அதுவே பயமாக இருந்தது. விரலை அசைத்தேன். அசைகிறதா என்று தெரியவில்லை.

பதினாலு எடுத்து எண் போட்டேன். கோடு கிழித்தேன். நைனா கடப்பாரையைப் போட்டார். அவருக்கும் கை ஓய்ந்திருக்கும். கடப்பாரை சாய்ந்தது. ஒரு பெரிய கட்டி பெயர்ந்து போனது. அந்த அதிர்ச்சியில் பின்னால் இருந்த மண் ஒரு தரம் உட்கார்ந்தது. முழங்காலில் என்னவோ நகர்ந்தது.

கண் இருட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அண்ணி, அண்ணி" என்று மட்டும் கேட்டது. கண் திறந்தபோது கோடு இல்லை. கட்டியோடு போய்விட்டது. நாலு விரல் போனதா, எட்டு விரல் போனதா, தெரியவில்லை.

தெரிந்த இடத்தில் ஒரு ஸ்பூன் எடுத்தேன். பதினைந்து என்று போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பேசினால் மூச்சு போகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பதினாறும் கறுப்பு. பதினேழில் முதல் சுண்ணாம்பு உருண்டை ஸ்பூனில் தட்டியது. பதினெட்டு. பத்தொன்பது போடும்போது திட்டு என் இடுப்புக்குக் கீழே போயிருந்தது. மார்பு முன்னால் சாய இடம் கிடைத்தது. முழு மூச்சு ஒன்று உள்ளே போனது. இருமல் வந்தது.

பாயும் இறங்கினார். இரண்டு பேரும் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். இடது கால் வரவில்லை. நைனா கையாலேயே தோண்டினார். வந்தது. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

என்னை மேலே ஏற்றிக் கரும்பு ஓரத்தில் படுக்க வைத்தார்கள். ஆடு வந்து முகத்தை முகர்ந்தது. அதற்குப் பிறகுதான் தீயணைப்பு ஆட்கள் நாலு பேர் கயிற்றோடு வரப்பில் ஓடி வந்தார்கள். வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தே வந்தார்களாம். சட்டையெல்லாம் வியர்வை. பாவம்.

"எங்க ஆளு?" என்றார் ஒருவர்.

"இதோ படுத்துகினு கீறாங்க" என்றார் பாய். "நீங்க காவடி எறக்கிட்டு வந்தீங்களா?"

அவர்கள்தான் மிச்சச் சுவரை இடித்துத் தள்ளினார்கள். நைனா அன்றைக்கே குழியை மூடிவிட்டார். இனிமேல் தன் நிலத்தில் யாருக்கும் குழி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மேடம் ஜீப்பில் கூடவே வந்தார். முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். கட்டுப் போட்டார்கள். மேடம் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் கால்மாட்டில். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மண்ண ஓரத்துல கொட்டச் சொன்னது நான்" என்றேன். "அவ மேல தப்பில்ல."

நாத்தனார் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"நான் பார்த்தேன்" என்றார் மேடம். "மூணு நாளும் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். குழி என்னோடது. தப்பும் என்னோடதுதான்."

இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. மார்பு வரை மண் இருந்தபோது இருந்ததுபோலவே இருந்தது. மூச்சு பாதிதான் போனது.

"பதினாலுக்கும் பதினைஞ்சுக்கும் நடுவுல எவ்ளோ போச்சின்னு தெரியாது. கோடு போயிடுச்சி. நானா நம்பர் போட்டுட்டேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்து அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"சொன்னது நல்லது" என்றார். "கறுப்பு எங்க முடியுதுன்னு முன்னாடியே அளந்துட்டோம். சுண்ணாம்பு உருண்டை எந்தப் பையில மொதல்ல வந்தது?"

"பதினேழு."

"அப்ப அங்கேருந்து கீழ இடம் தெரியும். மேல பதினாலு வரைக்கும் தெரியும். நடுவுல ரெண்டுதான் எங்கேன்னு தெரியல. அத்த ஓரமா வெச்சிடறேன்."

"தூக்கிப் போடுவீங்களா?"

"போட மாட்டேன். எண்ண மாட்டேன்."

இப்போது ஒரு வருடம் ஆகப் போகிறது. முழங்கால் முழுசாக மடங்காது. கீழே உட்கார முடியாது. நூறு நாள் வேலைக்குப் போகிறேன். பள்ளத்தில் இறங்குவதில்லை. கரையில் நின்று தண்ணீர் கொடுக்கிறேன். அங்கே வெட்டாமல் விட்ட திட்டைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வேன். ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்காருவதில்லை. ஓரத்து சீட்டு இல்லையென்றால் அடுத்த ஆட்டோ வரும்வரை நிற்பேன். வீட்டில் குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. நாத்தனார் வெளியே காவல் உட்காருவாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

ஏறத்தாழ எல்லா நாளும் மூச்சு பாதிதான் போகிறது. டாக்டர் நுரையீரலில் ஒன்றும் இல்லை என்கிறார்.

போன வாரம் மேடம் போன் செய்தார். கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மடங்கவில்லை என்றேன். வேறு டாக்டரிடம் காட்டலாம், பாயை அனுப்புகிறேன் என்றார். சரி என்றேன். பிறகு மண்ணைப் பற்றிச் சொன்னார். சுண்ணாம்பு உருண்டைக் காலத்தில் மழை நினைத்ததைவிடக் கம்மியாம். கறுப்பு மண் காலத்துக்கு மழை திரும்பி வந்திருக்கிறதாம். மெதுவாக வரவில்லையாம், சட்டென்று வந்ததாம். அடியில் இருந்த சிவப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம். அதற்குப் பை இல்லை. நான் அதன் மேல்தான் நின்றிருந்தேன்.

"அந்த ரெண்டு பை?" என்று கேட்டேன்.

"பீரோவுல இருக்கு. எண்ணல."

"அப்ப பத்தொம்பதுல எத்தன எண்ணினீங்க?"

பதினேழு.